பக்கத்துக்குக் கால் மணி நேரம்

கிதிர் முகம்மது தன் கைலியைத் தானே துவைக்கத் தொடங்கியபோது மனைவி ஹைருன் பீவிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சவூதியின் தம்மாமில் இருபத்தெட்டு வருஷம் தன் துணியைத் தானே துவைத்துப் பழகிய மனிதர். ஆனால் அச்சன்புதூருக்குத் திரும்பி வந்த இந்த ஒன்பது மாதத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட அவர் நனைத்ததில்லை. இப்போது பகலில் இரண்டு தடவை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சோப்புப் போடுகிற சத்தம் கேட்டது.

"என்னத்துக்கு நீங்க துவைக்கிய? மெஷின் சும்மாத்தானே கிடக்கு" என்றாள்.

"சும்மா இருக்க முடியல ஹைரு. கை அரிக்குது."

அதற்குப் பிறகு அவர் மதியம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போவது நின்றது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மட்டும் போனார், அதுவும் கடைசி நிமிஷத்தில். மற்ற நாட்களில் பின் அறையில் பாயை விரித்து வீட்டிலேயே தொழுதுகொண்டார். முழங்கால் வலி என்றார். மாடிப்படியில் அவர் வேகமாக ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மே மாதம் ஒரு மத்தியானம் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கும்போது அவருடைய வெள்ளைக் கைலியில் முன்பக்கம் ரோஜா நிறத்தில் ஒரு கறை தெரிந்தது. சோப்புக்குப் போகாமல் மங்கலாகப் பரவியிருந்தது. அது எதனுடைய கறை என்று ஒரு பெண்ணுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அவள் கைலியை மடித்து எடுத்துக்கொண்டுபோய், நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவரின் மடியில், கறை மேலே தெரியும்படி வைத்தாள்.

"எம்புட்டு நாளா?"

அவர் கறையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "ஒரு வாரம் இருக்கும். வலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் அவரைத் தென்காசிக்குக் கூட்டிப்போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். மூத்திரப் பையில் ஒரு கட்டி இருந்தது. திருநெல்வேலிக்குப் போய் இரண்டு நாள் படுத்து, வெளியே வெட்டாமல், மூத்திரப் பாதை வழியாகவே கருவியை விட்டு அதைச் சுரண்டி எடுத்தார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

கட்டியை எடுத்த மருத்துவர் ஆவுடையப்பன் செவ்வாய்க்கிழமைதோறும் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு வந்து ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்ப்பவர். அங்கேதான் முடிவைச் சொன்னார்.

"பாய், கேன்சர்தான். ஆனா உள்தோலோட நிக்குது, சதைக்குள்ள இறங்கல. அந்த அளவுக்கு நமக்கு நல்ல காலம். ஆனா இந்த வகை எடுத்தாலும் மறுபடி முளைக்கப் பார்க்கும். அதனால பி.சி.ஜி. வைக்கணும்."

கிதிர் முகம்மது ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது ஹைருன்தான். "பச்சப் பிள்ளைகளுக்குக் கையில குத்துவாவளே, அந்த ஊசியா?"

"அதே மருந்துதான்மா. டி.பி. வராம இருக்கப் போடுறது. ஆனா இங்க ஊசி கிடையாது, அளவும் ரொம்பக் கூட. சின்னக் குழாய் வழியா மூத்திரப் பைக்குள்ள விடுவோம். ரெண்டு மணி நேரம் அது உள்ளயே இருக்கணும். வாரத்துக்கு ஒண்ணு, ஆறு வாரம்."

"டி.பி. மருந்து கேன்சருக்கு எப்படி கேக்கும்?"

வெளியே நோயாளிகள் வரிசையில் காத்திருந்தார்கள். இருந்தாலும் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "கேன்சர் அணு பாய் உடம்புல பிறந்ததுதானே. அதனால உடம்பு அதை வீட்டு ஆளுன்னு நினைச்சுக் கண்டுக்கிடாம விட்டிருக்கு. இந்த மருந்துல இருக்கிறது உயிருள்ள கிருமி, வீரியத்தைக் குறைச்சு வச்சிருப்பாங்க. அது உள்ள போனதும், யாரோ அந்நியன் வந்துட்டான்னு உடம்புக்குத் தெரியும். ரத்தத்துல இருக்கிற எதிர்ப்பு அணுக்கள் எல்லாம் அந்த இடத்துக்கு ஓடி வரும். வந்ததுக்கப்புறம் பக்கத்துல ஒளிஞ்சு கிடக்கிற கேன்சர் அணுவும் அதுங்க கையில மாட்டும். உள்ள என்ன நடக்குதுன்னு முழுசா எங்களுக்கே இன்னும் பிடிபடல. ஆனா நாப்பது வருஷத்துக்கு மேல வைக்காங்க. பத்துப் பேர்ல ஆறேழு பேருக்கு நல்லா கேக்குது."

"அப்பம் மருந்து ஒண்ணும் செய்யாது. இவுக உடம்புதான் செய்யணும்."

"அப்படியும் சொல்லலாம்மா" என்று டாக்டர் சிரித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கிதிர் முகம்மது ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம்." மகன் ஆசிப் துபாயில் இருந்தான். மகள் மிஸ்ரியா கல்யாணமாகி கோயம்புத்தூரில் இருந்தாள். ஹைருன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஜூன் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை மருந்து ஆரம்பித்தது. சீசன் தொடங்கியிருந்தது. மலைப் பக்கம் மேகம் இறங்கி, தென்காசி பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சாரல் அடித்தது. தோளில் துண்டும் கையில் எண்ணெய்ப் பாட்டிலுமாகக் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து இருவரும் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். மருந்து உள்ளே தங்க வேண்டும் என்பதால் காலையிலிருந்து அவர் தண்ணீர் குடிக்கவில்லை. அவளும் குடிக்கவில்லை.

குழாய் போடுகிறவர் ஏசுதாசன் என்ற ஆண் நர்ஸ். நாற்பது வயதிருக்கும், சுரண்டைக்காரர். திரைக்கு வெளியே நின்ற ஹைருனுக்கு உள்ளே அவர் பேசுவது கேட்டது.

"வெக்கப்படாதிய பாய். இங்கன படுக்கிற எல்லாரும் மேல இருக்கிற ஃபேனைத்தான் பார்ப்பாவ. நீங்களும் பாருங்க. தூசி இருந்தா சொல்லுங்க, துடைக்கச் சொல்லுதேன்."

தட்டில் கருவி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கிதிர் முகம்மதுவின் குரல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. "மூணு இறக்கையிலயும் இருக்கு."

குழாயை எடுத்த பிறகு ஏசுதாசன் அவளை உள்ளே கூப்பிட்டார். "பையோட எல்லாப் பக்கத்துலயும் மருந்து படணும்மா. மல்லாக்க ஒரு கால் மணி நேரம், இடது பக்கம் ஒண்ணு, குப்புற ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. அப்படியே ரெண்டு சுத்து. நீங்க நேரம் பார்த்துக்கிடுங்க."

ஹைருன் செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு கட்டிலின் இடது பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் இடது பக்கம் ஒருக்களித்தால் அவள் முகத்தைப் பார்ப்பார். வலது பக்கம் திரும்பினால் சுவரைப் பார்ப்பார்.

அந்த முதல் இரண்டு மணி நேரம் மிகவும் நீளமாக இருந்தது. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். அவர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். வந்ததும் பெட்டி பிரிப்பு, சொந்தக்காரர்கள், கல்யாண வீடுகள். பிறகு மறுபடி பெட்டி கட்டு. பகல் வெளிச்சத்தில் வேறு யாரும் இல்லாத ஓர் அறையில், ஒரு வேலையும் இல்லாமல், இரண்டு பேரும் இவ்வளவு நேரம் ஒன்றாக இருந்தது அவளுக்கு நினைவிலேயே இல்லை. தென்னைக்கு உரம் வைத்தது பற்றிப் பேசினார்கள். மோட்டார் ரிப்பேர் பற்றிப் பேசினார்கள். அதற்குமேல் பேச்சு ஓடவில்லை.

"நீ போய் ஒரு டீ குடிச்சுட்டு வாயேன்" என்றார்.

"நீங்க எந்திரிச்ச பிறகு குடிப்போம்."

வீட்டுக்கு வந்து ஆறு மணி நேரத்துக்கு அவர் உட்கார்ந்துதான் மூத்திரம் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கிருமி சாகும்படி ப்ளீச்சிங் கரைசலை ஊற்றி, மூடியை மூடி, கால் மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் விட வேண்டும். ஹைருன் ஒரு வாளியில் கரைசலைக் கலந்து குளியலறை வாசலில் வைத்திருந்தாள். வீடு முழுவதும் நீச்சல் குளத்து வாடை அடித்தது. காய்ச்சல் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் மணிக்கொரு தடவை அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவருக்கு அது நிம்மதியாக இருந்தது. அவளுக்குத்தான் பயமாக இருந்தது. வந்திருப்பது யாரென்று உடம்புக்கு இன்னும் தெரியவில்லையோ என்று நினைத்தாள்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை, முதல் சுற்றின் கடைசிப் பக்கத்துக்குத் திரும்பி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது கிதிர் முகம்மது பேசினார்.

"ஹைரு, ஒரு வாரம்னு நான் சொன்னது பொய்."

"தெரியும்."

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. தம்மாம்ல இருக்கும்போதே ஒரு நாள் வந்துச்சு. மறுநாள் நின்னுட்டு. ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்ப வந்துச்சு. ரூம்ல இருந்த மலையாளத்தான் ஆஸ்பத்திரிக்குப் போன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னான். நான் போகல."

"ஏன் போகல?"

"போனா என்னன்னு தெரிஞ்சு போகும்லா."

ஹைருன் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைக் காலருக்கு மேலே பின்கழுத்து முழுவதும் நரைத்திருந்தது.

"கம்பெனியை மூடிட்டாங்கன்னு சொன்னிய."

"மூடல. நானா எழுதிக் குடுத்துட்டு வந்தேன். எப்படியும் போகத்தானே போறோம், உன்கூடக் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவோம்னு வந்தேன்."

அலாரம் அடித்தது. அவள் அதை நிறுத்தினாள். "மல்லாக்கத் திரும்புங்க" என்றாள்.

அந்த வாரம் முழுவதுமே தேவையான வார்த்தைகள்தான் பேசினாள். சாப்பிட வாங்க. மாத்திரை போட்டியளா. தண்ணி நிறையக் குடிங்க. ஒன்பது மாதம் ஒரே வீட்டில், ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டுக்கொண்டு, தான் சாகப்போவதாக நினைத்துக்கொண்டே இந்த மனிதர் முருங்கை மரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார், கொசுவலை அடித்திருக்கிறார். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அடுப்படியில் நின்று அழுதாள். அழுதபோது அவர் மேல் மட்டுமா கோபம் என்று தனக்குள் கேட்டுப் பார்த்தாள். இல்லை என்று தெரிந்தது.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை அவர் குப்புறப் படுத்து, தலையணையில் முகம் புதைத்திருந்த நேரம் பார்த்து ஆரம்பித்தாள்.

"எட்டு வருஷத்துக்கு முன்னால நம்ம வாசலுக்கு இரும்புக் கேட் போட்டோம்லா. அப்பம் எனக்கு மார்ல ஒரு கட்டி வந்துச்சு."

அவர் தலையைத் தூக்கினார்.

"எந்திரிக்காதிய. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

அவர் மறுபடி படுத்தார். அவள் நிதானமாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுக் குருவம்மாள்தான் துணைக்கு வந்தாள். பாளையங்கோட்டைக்குப் போய் சின்னதாகக் கீறி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பன்னிரண்டு நாள் ஆனது. மிஸ்ரியாவுக்கு அப்போது பிளஸ் டூ பரீட்சை. ஆசிபிடம் சொன்னால் அவன் வாப்பாவிடம் சொல்லிவிடுவான். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

"அந்தப் பன்னெண்டு நாளும் நீங்க போன் பண்ணினிய. கேட்டுக்கு என்ன பெயின்ட் அடிக்கன்னு தினம் கேட்டிய. பச்சைன்னு ஒரு நாள் சொன்னேன், நீலம்னு ஒரு நாள் சொன்னேன். மாத்தி மாத்திப் பேசுதாளேன்னு என்னைய ஏசினிய. பன்னெண்டாவது நாள், அது கேன்சர் இல்ல, வெறும் கட்டிதான்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கும் போன்ல எப்படி இருக்கன்னு கேட்டிய. நல்லா இருக்கேன்னு சொன்னேன். அன்னைக்குச் சொன்னது மட்டும் நிசம்."

அவருடைய தோள்கள் ஒருமுறை ஏறி இறங்கின. அலாரம் அடித்ததும் அவர் மெதுவாகத் திரும்பினார். வலது பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்ப வேண்டிய முறை. அவர் இடது பக்கம், அவளைப் பார்த்துத் திரும்பினார். கன்னத்தில் தலையணை உறையின் தையல் தடம் பதிந்து, ஈரமாக இருந்தது.

"அந்தத் தழும்பு... கொப்புளம் வந்து உடைஞ்சதுன்னு சொன்ன."

"ஆமா. சொன்னேன்."

"ஏன்ளா என்கிட்ட சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

அவர் கையை நீட்டினார். வருஷக்கணக்காக வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்த கை. நகங்களின் ஓரத் தோல் இன்னும் தடித்துக் காய்த்திருந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். மருந்து பார்க்க உள்ளே வந்த ஏசுதாசன், ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, திரையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே போனார். அந்தச் சுற்றில் வலது பக்கத்துக்குக் கொஞ்சம் நேரம் குறைந்துபோயிற்று. அடுத்த சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னாள்.

அன்று சாயங்காலமே பிள்ளைகளுக்கு வீடியோ கால் போட்டார்கள். கிதிர் முகம்மதுவே சொன்னார். ஆசிப், "நான் வரட்டுமா வாப்பா?" என்று கேட்டான். மிஸ்ரியா அழுதாள். அழுதுகொண்டே இணையத்தில் தேடிப் படித்துவிட்டு, "உம்மா, உயிரோட இருக்கிற டி.பி. கிருமியவா உள்ள விடுதாங்க?" என்று பதறினாள்.

"வீரியம் குறைச்ச கிருமிட்டி. அது ஆள் கூட்டத்தான் போகுது. அடிக்கிறது உங்க வாப்பா உடம்பு" என்று ஹைருன் நிதானமாக விளக்கினாள். திரையின் ஓரத்தில் கிதிர் முகம்மது அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவது மருந்து வைத்த மறுநாள் மத்தியானம், அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் போர்வை கேட்டார். ஹைருன் நெற்றியில் கை வைத்தாள். சுட்டது.

"மச்சான், காய்ச்சல்" என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

ஏசுதாசனுக்குப் போன் பண்ணினாள். "எவ்வளவும்மா இருக்கு? நூறு புள்ளி எட்டா? உடம்பு சண்டைக்கு இறங்கினா காய்ச்சல் வரும்மா, பயப்படாதிய. வராட்டாலும் மருந்து வேலை செய்யலன்னு அர்த்தம் இல்ல, அதையும் சொல்லிருதேன். ஆனா நூத்தி ஒண்ணரையைத் தாண்டினாலோ, நாளைக்கும் விடாம அடிச்சாலோ, என்ன ஏதுன்னு யோசிக்காம உடனே கூட்டிட்டு வந்துருங்க. விளையாட்டு இல்ல."

அவள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நெற்றியைத் துடைத்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே சாரல் காற்று தென்னை மரங்களை ஆட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த யாரோ கடைசியில் பதில் சொன்னதுபோல அவளுக்கு இருந்தது. மறுநாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது.

மூத்திர எரிச்சல் மட்டும் விடவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை குளியலறைக்கு ஓடினார். ஒவ்வொரு தடவையும் கதவுக்குள்ளிருந்து அவர் மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம் கேட்டது. சனிக்கிழமை வெளியே வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போதும் ஹைரு. இனி நான் போகல. நாலு வச்சாச்சு. வாறது வரட்டும்."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையிலிருந்த தண்டைக் கீழே வைத்தாள்.

"வேலைய விட்டுட்டு வாறதை நீங்க தனியா முடிவு பண்ணினிய. ஆஸ்பத்திரிக்குப் போகாததையும் தனியா முடிவு பண்ணினிய. இதையும் தனியாத்தான் முடிவு பண்ணுவியன்னா, நான் இங்கன எதுக்கு இருக்கேன்?"

அவர் சுவரிலிருந்து கையை எடுத்தார்.

"வலிக்குதுன்னு சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். பயமா இருக்குன்னு சொல்லுங்க, அதையும் கேட்டுக்கிடுதேன். போகலன்னு மட்டும் சொல்லாதிய."

அவர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். "பயமாத்தான் இருக்கு" என்றார். பிறகு கீரைக் கட்டில் ஒரு பாதியைத் தன் பக்கம் இழுத்து ஆய ஆரம்பித்தார். இலையும் தண்டும் ஒன்றாகவே போய் விழுந்தன. அவள் தன் பாதியை எடுத்து ஆய்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை போனபோது மூத்திரத்தில் கிருமித் தொற்று இருந்தது. அதனால்தான் அவ்வளவு எரிச்சல் என்று டாக்டர் சொல்லி, ஐந்தாவது மருந்தை ஒரு வாரம் தள்ளிவைத்து மாத்திரை கொடுத்தார். தள்ளிவைத்தால் இதுவரை வைத்தது வீணாகிவிடுமா என்று ஹைருன் கேட்டாள். ஆகாது என்றார். "இந்த நேரத்துல வச்சாத்தான் ஆபத்து. பாய் சொல்லாம மறைச்சிருந்தா கஷ்டமாயிருக்கும். எரியுதுன்னு சொன்னது நல்லதாப் போச்சு."

அந்த ஒரு வார இடைவெளியில் அவர் இன்னொன்றையும் அவளிடம் சொன்னார். ரத்தமும் சொட்டு மூத்திரமும் படுகிற உடம்போடு எப்படிப் பள்ளிவாசலில் போய் நிற்பது என்பதுதான் இத்தனை மாதமாக அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது. "இதைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட கேக்க வேண்டியதுதானே" என்றாள். வெட்கத்தோடு போய்க் கேட்டார். ஹஜ்ரத் சின்ன வயதுக்காரர். நோயாளிக்கு அதற்கெல்லாம் சலுகை உண்டு, அசுத்தம் படாமல் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து தொழுங்கள் என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். அன்று லுஹருக்குப் பாங்கு சொன்னதும் கிதிர் முகம்மது கறுப்புக் கைலியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் நின்றேன் என்று வந்து சொன்னார்.

ஐந்தாவது தடவை பேச்சுக்குப் பஞ்சமில்லை. தம்மாமில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தது, ரூம் சமையலில் தன் முறை வரும்போது சோறு குழைந்துபோனது, ஒரு பெருநாளுக்கு எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு போனை அணைத்துவிட்டுத் தூங்கியது எல்லாம் சொன்னார். அந்தப் பெருநாளன்று அவர் போனுக்காகத் தான் கையில் போனை வைத்துக்கொண்டே பிரியாணி கிளறியதை அவள் சொன்னாள். அலாரம் அடித்ததும் அவராகவே திரும்பிக்கொண்டார். ஆறாவது தடவை, இரண்டு மணி நேரம் முடிந்துவிட்டது என்று சொல்ல ஏசுதாசன் திரையை விலக்கினார்.

"பாய், முடிஞ்சுது. எந்திரிச்சு பாத்ரூம் போங்க."

"பொறுங்க அண்ணாச்சி. இவ சொல்லிக்கிட்டு இருக்கா, முடிக்கட்டும்" என்றார் கிதிர் முகம்மது. இரண்டு மணி நேரம் அடக்கிவைத்திருந்த மனிதர் இப்படிச் சொல்லி ஏசுதாசன் பார்த்ததில்லை. அவர் மணியைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். ஹைருன் குருவம்மாள் வீட்டு மாடு கிணற்றில் விழுந்த கதையை அவசர அவசரமாகச் சொல்லி முடித்தாள்.

ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் கடைசியில், உள்ளே கேமராவை விட்டுப் பார்த்தார்கள். முடிந்ததும் டாக்டர் ஆவுடையப்பன் ஹைருனைக் கூப்பிட்டு இரண்டு படங்களைக் காட்டினார். முதல் படம் மே மாதம் எடுத்தது. பாறையில் பாசி பிடித்தது போல ஏதோ ஒன்று கொத்தாக முளைத்து நின்றது. இரண்டாவது இன்று எடுத்தது. இளஞ்சிவப்பாக, மெல்லிய நரம்புகள் ஓடுகிற வெறும் சுவர்.

"ஒண்ணும் இல்லியே" என்றாள்.

"அதைத்தான் காட்டுறேன்மா. ஒண்ணும் இல்ல." பிறகு சொன்னார்: "முடிஞ்சுதுன்னு நான் சொல்ல மாட்டேன். மூத்திரச் சோதனை முடிவும் வரணும். அடுத்த மாசம் மூணு வாரம் மூணு டோஸ் வைக்கணும். அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அதே மாதிரி. மூணு வருஷம் வந்துக்கிட்டே இருக்கணும். திரும்ப வந்தாலும் வரலாம், ஆனா வந்தா சீக்கிரமே பார்த்துருவோம்."

"வாரோம்" என்றார் கிதிர் முகம்மது. அவரே சொன்னார்.

அடுத்த வாரம் சோதனை முடிவும் நல்லபடியாக வந்தது. அந்த வியாழக்கிழமை காலையில் அவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். "ஹைரு, ஐந்தருவிக்குப் போவோமா? டாக்டர் குளிக்கலாம்னுட்டார்."

மிஸ்ரியா கைப்பிள்ளையாக இருந்தபோது குற்றாலத்துக்குப் போனது. அதற்குப் பிறகு சீசன் தோறும் கோயம்புத்தூர்க்காரனும் மதுரைக்காரனும் வந்து குளித்துவிட்டுப் போனார்களே தவிர, அரை மணி நேர தூரத்தில் இருந்த அவள் ஒரு தடவையும் போகவில்லை. யாரோடு போவது என்று இருந்துவிட்டாள்.

வார நாள் என்பதால் கூட்டம் அதிகமில்லை. ஜூலையில் விழுந்த அளவுக்குத் தண்ணீர் இல்லையென்றாலும் ஐந்து கிளையிலும் விழுந்துகொண்டிருந்தது. கிதிர் முகம்மது அவளுடைய பையையும் செருப்பையும் வாங்கி வைத்துக்கொண்டார். "முதல்ல நீ போ. நான் இங்கன நிக்கேன்."

அவள் பெண்கள் பக்கம் போய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தலையைக் கொடுத்தாள். முதல் அடியில் மூச்சு நின்றது. பிறகு காதுக்குள் தண்ணீரின் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. தோளிலும் முதுகிலும் தண்ணீர் அடிக்க அடிக்க, மே மாதத்திலிருந்து இறுகிப்போயிருந்த உடம்பு தளர்வது தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவள் பார்க்கவில்லை.

குளிரில் பற்கள் கிடுகிடுக்க வெளியே வந்தபோது அவர் விட்ட இடத்திலேயே நின்றார். துண்டை விரித்து அவள் தோளில் போட்டார்.

"இப்பம் நீங்க போங்க."

அவர் தயங்கினார். குரலைத் தாழ்த்தி, "தண்ணிக்குள்ள நிக்கும்போது அவசரமா வந்துருச்சுன்னா?" என்று கேட்டார்.

"அந்த அல்வாக் கடைக்குப் பின்னால கக்கூஸ் இருக்கு. வந்ததும் பார்த்து வச்சுட்டேன். ஓடினா ஒரு நிமிஷம்தான்."

அவர் சிரித்துவிட்டார். சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தார். கண்ணாடி இல்லாமல், பாறையில் கால் வைத்துப் பைய நடந்து ஆண்கள் பக்கம் போனார். இரண்டு பேர் விலகி இடம் கொடுத்தார்கள். வெள்ளையாகக் கொட்டுகிற தண்ணீருக்குள் அவர் தலை மறைந்தது.

ஹைருன் துண்டைப் போர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் அவர் வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் நின்ற திசையைத் தேடினார்.

"இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க" என்று அவள் கத்தினாள்.

தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. என்ன என்று கையை ஆட்டிக் கேட்டார். அவள் அவருடைய கண்ணாடியைப் பிடித்திருந்த கையை உயர்த்தி, உள்ளே போங்க, உள்ளே போங்க என்று சைகை காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போனார்.